நிலத்தடி நீரும் நமது கடமையும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில், இளைஞர் அரங்கிலே நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையிலே இளைஞர் பேசுவதென்றால் சமயத்தைப்பற்றியோ தமிழைப்பற்றியோ பேசுவது வழக்கம். நாம் இன்று தண்ணீரைப்பற்றிப் பேச வந்திருக்கிறோம். விழா மேடைக்கு இஃதொரு விடயமா என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் நமது முன்னோர் ஓர் ஆலயத்தின் பெருமையைச் சொல்லப் புகுந்தபோது மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்தே சொன்னார்கள். மூர்த்திக்குக் கும்பாபிஷேகம் செய்கிறோம். தலத்துக்கு இராசகோபுரம் எழுப்புகிறோம். மூன்றாவதாகிய தீர்த்தத்துக்கு நாம் என்ன செய்திருக்கிறோம்? இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஆலயத்தோடு சேர்ந்த ஒரு சங்கத்தின் மேடையைக் காட்டிலும் பொருத்தமான இடம் வேறில்லை.

முதலில் நமது மண்ணின் இயல்பை அறிந்துகொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாடு ஏறக்குறைய 1,000 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. மூன்று பக்கமும் கடல்; நடுவிலும் உப்பாறு, தொண்டைமானாறு என்று கடலேரிகள் நுழைந்து கிடக்கின்றன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இங்கில்லை. வழுக்கையாறு என்று ஒன்றிருப்பது உண்மையே. அதுவும் மாரிக்கு மட்டும் ஓடி அராலிப் பக்கத்திலே கடலேரியில் விழுந்து, கோடையில் வெறும் தரையாகிவிடும். அப்படியிருந்தும் இந்தக் குடாநாட்டிலே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் மரக்கறியும் செழித்து விளைகின்றன. இந்த நீர் எங்கிருந்து வருகிறது?

அது முழுவதும் மழை நீரே. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர், அஃதாவது 50 அங்குல மழை நமக்குக் கிடைக்கிறது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில், வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடும். விழுந்த மழையில் ஒரு பங்கு வெயிலால் ஆவியாகிறது; ஒரு பங்கு வெள்ளமாய்க் கடலுக்குப் போகிறது; எஞ்சிய பங்கு செம்மண்ணூடாக இறங்கி, அதன்கீழுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களிலும் குகைகளிலும் தங்குகிறது. இந்தக் கல்லை மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல் என்று நிலவியலார் கூறுவர். பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன் கடலடியில் உண்டான இந்தக் கல்தான் நமது நீர்த்தேக்கம். சுன்னாகத்தை நடுவாகக் கொண்ட வலிகாமப் பகுதி, தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என்று இந்தத் தேக்கத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்துச் சொல்வார்கள்.

நிற்க. இந்தத் தேக்கத்தின் அடியிலே என்ன இருக்கிறது? அங்கேயும் கடலே இருக்கிறது. இதுதான் நாம் எல்லோரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை. கடல்நீர் கனமானது, மழைநீர் கனம் குறைந்தது. ஆகவே நிலத்தின்கீழ் இறங்கிய நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நடுவிலே தடித்தும் கரையோரங்களிலே மெலிந்தும், பூதக்கண்ணாடியின் வில்லையைப்போல அது அமைந்திருப்பதால் அறிஞர் அதனை நன்னீர் வில்லை என்பர். நிலாவரைக் கிணற்றை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இராமபிரான் அம்பெய்து நீர் வருவித்த இடமென்று அதனைச் சொல்வார்கள். அந்தக் கிணற்றின் மேல்நீர் நல்ல நீர். ஆழம் செல்லச் செல்ல உவர்நீர். புத்தூருக்குப் போகும் வழியிலே, குடாநாட்டின் அடிவயிற்றை இயற்கை நமக்குத் திறந்து காட்டி வைத்திருக்கிறது.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன்பின்னாக ஐரோப்பாவிலே கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இருவர் தனித்தனியே கண்டது அது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரைக்கும் நன்னீர் இருக்கும். கேட்பதற்கு இனிய கணக்குத்தான். ஆனால் இதனைத் திருப்பிப் பாருங்கள். மேலே நன்னீரின் மட்டம் 1 அடி தாழ்ந்து, அப்படியே நிலைத்துவிட்டால், கீழேயிருந்து உவர்நீர் 40 அடி மேலே வந்துவிடும். கிணற்றில் ஓர் அடி குறைந்ததைத்தான் கண் காணும். அடியிலே நாற்பது அடி பறிபோனது கண்ணுக்குத் தெரியாது. வரவு சிறிது, செலவு சிறிது போலத் தோன்றும், நட்டமோ நாற்பது மடங்கு. இப்படியொரு வியாபாரத்தை நமது ஊரில் எந்தக் கடைக்காரராவது நடத்துவாரா?

இனி, நமது பெரியோர்கள் எப்படி இறைத்தார்கள் என்பதைச் சிறிது நினைவுகூர்வோம். ஆடுகாலிலே துலாப் பூட்டி, இருவர் மேலே ஏறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, இன்னொருவர் வாய்க்காலில் நின்று பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுவார். விடியற்காலத்தில் விளக்கோடு தொடங்கும் இறைப்பு வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். பங்குக் கிணறென்றால் முறை வைத்தே இறைப்பார்கள். மனிதனுடைய காலும் கையும் களைத்தால் கிணற்றுக்கும் ஓய்வு கிடைக்கும். இறைத்த கிணறு ஊறும் என்ற பழமொழி அந்தக் காலத்து உண்மை. இறைப்பவருடைய வலிமைக்கும் ஊற்றின் வலிமைக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அந்த ஒப்பந்தத்தின்மேல்தான் பழமொழி நின்றது.

1950களுக்குப் பின் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் யந்திரங்கள் ஊர்தோறும் பரவின. பின்னர் மின்சார மோட்டார் வந்தது. அதனால் கமக்காரருடைய உடல் நோவு குறைந்தது; பயிர் பெருகியது; எம்போன்ற பிள்ளைகள் பலர் பல்கலைக்கழகம் வரைக்கும் படித்தது அந்த யந்திரம் இறைத்த தண்ணீரால் விளைந்த வெங்காயத்தாலும் மிளகாயாலுந்தான். ஆகவே யந்திரத்தைக் குறைகூற எமக்கு வாயில்லை. ஆனால் யந்திரம் களைப்பதில்லை. ஒரு மணித்தியாலத்தில் ஆயிரக்கணக்கான கலன் தண்ணீரை அது வெளியே கொட்டும். பாத்திக்குப் போதுமா, வரம்பு மேவுகிறதா என்று அது கேட்பதில்லை. 1990களில் போர் காரணமாக மின்சாரமும் இல்லாமல், மண்ணெண்ணெயும் அரிதாயிருந்த நாட்களிலே பலர் திரும்பவும் துலாவைத் தேடியதைப் பெரியோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தபின் மோட்டார்களும் குழாய்க்கிணறுகளும் முன்னைக்காட்டிலும் பெருகிவிட்டன. வீட்டு முற்றத்துக்கெல்லாம் சீமெந்து பூசுகிறோம். மழைநீர் இறங்கும் வாசலை அடைத்துவிட்டு, நீர் ஏறும் வாசலை அகலத் திறந்து வைத்திருக்கிறோம்.

இதன் பலன் என்ன? நூல்களிற் படித்ததைச் சொல்லுமுன் கண்ணாற் கண்டதைச் சொல்லுகிறோம்.

நாம் உயர்தர வகுப்பிலே படித்தது ஒரு மிஷன் கல்லூரியில். அங்கே இரசாயன ஆசிரியரின் அனுமதியோடு நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு சோதனை செய்தோம். ஆடி மாதத்தில் எங்கள் குறிச்சிக் கிணறுகளிலிருந்து போத்தல் போத்தலாகத் தண்ணீர் கொண்டுபோய், ஒவ்வொன்றிலும் சில துளி வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை விட்டுப் பார்த்தோம். தண்ணீரில் உப்பிருந்தால் அது வெண்மையாய்த் திரளும். ஆலயக் கிணற்றுத் தண்ணீர் சற்றே மங்கியது. எமது பெரியப்பாவின் தோட்டக் கிணற்றுத் தண்ணீரோ மோரைப்போல் வெளுத்துவிட்டது. அவருடைய தோட்டம் கடலேரிக்குக் கிட்ட உள்ளது. அண்மையிலேதான் கிணற்றினடியைத் துளைத்து ஆழமாக்கிப் பெரிய மோட்டார் பூட்டியிருந்தார்.

இதனை அவரிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, இது உங்கடை பாட்டன் வெட்டின கிணறு. ஒருநாளும் வத்தினதை நான் காணேல்லை. நீ போத்தலைக் காட்டி எனக்குப் படிப்பிக்கிறியோ?" என்றார். நாம் வாய்திறக்கவில்லை. திண்ணையிலே அரிசி கிளைந்துகொண்டிருந்த பெரியம்மாதான் மெல்லச் சொன்னார்: "வத்தேல்லைத்தான். ஆனால் போன வருஷந்தொட்டுத் தேத்தண்ணிக்குக் கோயில் கிணத்துத் தண்ணிதானே அள்ளுறம்." பெரியப்பா ஒன்றும் பேசாமல் தோட்டத்துக்கு இறங்கிப் போனார்.

தை மாதத்தில், மாரி மழைக்குப் பின், அதே சோதனையைத் திரும்பவும் செய்தோம். மற்றக் கிணறுகள் பெரும்பாலும் தெளிந்திருந்தன. பெரியப்பாவின் கிணறு மட்டும் முழுதாய்த் தெளியவில்லை. ஒரு மாரி கழுவித் தீர்க்கமுடியாத உப்பு அங்கே ஏறியிருந்தது. கிணறு வற்றுவது ஒன்றுதான் கேடு என்று நாம் எண்ணுகிறோம். நமது நாட்டிலே கிணறு வற்றாமலே சாகும். கிணறு நிறையத் தண்ணீர் இருக்கும். அது வாய்க்கும் உதவாது, வயலுக்கும் உதவாது.

இது எப்படி நிகழ்கிறது என்பதையும் சொல்லிவிடுவோம். பெரிய மோட்டார் ஒரே இடத்தில் வேகமாக நீரை உறிஞ்சும்போது, கிணற்றைச் சுற்றி நன்னீர் மட்டம் கிண்ணம்போற் குழிகிறது. மேலே குழிந்த இடத்துக்கு நேர்கீழே, உவர்நீர் கூம்புபோல் மேலெழுகிறது. கிணறு ஆழமாயிருந்தால் அந்தக் கூம்பின் நுனி விரைவாகக் கிணற்றைத் தொட்டுவிடும். ஆகவே தண்ணீர் குறைகிறதென்று கிணற்றை மேலும் மேலும் ஆழமாக்குவது, கள்வன் வரும் வழியில் நாமே போய்க் கதவைத் திறப்பதாகும். கடலோரத்திலும் கடலேரியோரத்திலும் வேறொரு வழியும் உண்டு. நன்னீர் தன் அழுத்தத்தாற் கடலைத் தள்ளிக்கொண்டு நிற்கும் வரையில் கடல் உள்ளே வராது. கீரிமலையிலே கடலோரத்தில் ஊற்றெடுத்துப் பாயும் நீரில் ஆடி அமாவாசைக்கு நாம் நீராடுகிறோம். நகுல முனிவருக்குக் கீரிமுகம் நீங்கிய தீர்த்தம் அது. வலிகாமத்தின் அடியிலுள்ள நீர் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதற்கு அந்தத் தீர்த்தமே சாட்சி. தள்ளும் வலிமை குறைந்தால், தள்ளப்பட்டது திரும்பி வரும்.

இன்னொரு தீங்கும் உண்டு. அது நாவுக்குத் தெரியாத தீங்கு. தேவைக்கு மேல் இறைத்த தண்ணீர் எங்கே போகிறது? "திரும்பவும் நிலத்துக்குள்தானே போகிறது, அதனால் என்ன நட்டம்?" என்று கேட்பவர் பலர். ஒரு பங்கு திரும்பிப் போவது மெய்தான். ஆனால் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. பயிருக்குப் போட்ட யூரியா முதலிய பசளையை, பயிர் உண்ணுமுன் கரைத்துக்கொண்டு போகிறது. வெயிலிலே நீரின் ஒரு பகுதி ஆவியாகிவிடுவதால் உப்பும் செறிகிறது. அந்த நீரையே மறுபடி இறைக்கிறோம். மறுபடி பசளை போடுகிறோம். இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறுகிறது. ஒரு லீற்றர் குடிநீரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அந்த வரையறை மீறப்பட்டிருப்பதை 1980களிலிருந்து நடந்த ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. பால் கரைப்பதற்கு இந்த நீரைப் பாவித்தால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகக்கூடும். தாய்மார்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் வற்ற வற்ற அது செறியவே செய்யும்.

நமது நிலத்தடி நீர் வீட்டுக்கு வீடு தனித்தனியானது அன்று என்பதையும் நாம் பட்டறிந்திருக்கிறோம். 2014, 2015 ஆம் ஆண்டுகளிலே சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததும், மக்கள் குடிநீருக்குத் தவித்ததும், அந்த வழக்கிலே 2019 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்ததும் எல்லோரும் அறிந்தவை. ஓரிடத்திற் கலந்த அழுக்கு ஊர் ஊராகப் பரவுமென்றால், ஓரிடத்தில் அளவிறந்து இறைப்பதும் ஊர் முழுவதையும் தொடும். வேலி நிலத்துக்கு மேலேதான்; நிலத்துக்குக் கீழே வேலியில்லை. பெரியப்பாவின் மோட்டார் பெரியப்பாவின் தண்ணீரை மட்டும் இறைக்கவில்லை.

இது நமக்கு மட்டும் வந்த துன்பமன்று. சென்னை நகருக்கு வடக்கேயுள்ள மீஞ்சூர்ப் பகுதியிலே, நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பயிருக்குமென்று அளவிறந்து நீர் எடுத்ததனால் கடல்நீர் நிலத்தடியிற் பல கிலோமீற்றர் தூரம் உள்ளே புகுந்துவிட்டது. அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஜோவாக்கின் பள்ளத்தாக்கில், பயிர்ச்செய்கைக்கு நீரை உறிஞ்ச உறிஞ்ச நிலமே அமிழ்ந்தது. 1925 ஆம் ஆண்டுக்கும் 1977 ஆம் ஆண்டுக்குமிடையில் ஓரிடத்தில் நிலம் 28 அடி தாழ்ந்துவிட்டது. இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரம் தன் அடியிலுள்ள நீரையே உறிஞ்சிக் குடித்துக் கடலுக்குள் அமிழ்ந்து வருகிறது; தலைநகரை வேறிடத்துக்கு மாற்றுவதென்று அந்நாட்டரசு 2019 ஆம் ஆண்டில் அறிவித்ததற்கு அதுவும் ஒரு காரணம். செல்வமும் விஞ்ஞானமும் நிறைந்த நாடுகளே இப்படி இடர்ப்பட்டிருக்க, மழையொன்றையே நம்பி மிதந்துகொண்டிருக்கும் நமது சிறு குடாநாடு எத்துணை விழிப்பாயிருக்க வேண்டும்!

நமது பெரியோர் இதனை உணராமலிருக்கவில்லை. குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட குளங்களும் கேணிகளும் வெட்டி வைத்தார்கள். கால்நடைக்கும் குளிப்புக்கும் மட்டும் வெட்டியவை அல்ல அவை. மாரி வெள்ளத்தைக் கடலுக்கு ஓடவிடாமல் மறித்து, மெல்ல மெல்ல நிலத்துக்கு ஊட்டும் முலைகள் அவை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை வகுத்தார். கனகராயன் ஆற்று நீர் வந்து விழும் ஆனையிறவுக் கடலேரியை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடலேரிக்கும் உப்பாற்றுக்கும் கொண்டுவந்து, உவர் நிலத்தை நன்னிலமாக்குவது அவர் கருத்து. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டன. ஆனால் திட்டம் முழுமை பெறவில்லை. கதவுகள் பழுதடைந்து உவர்நீர் மீண்டும் ஏறியது. 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீரைச் சுத்திகரிக்க அமைந்தது அது. குடிநீர்த் துயரை அது தணிக்கலாம், அதற்கு மகிழ்ச்சியே. ஆனால் கடலைக் காய்ச்சுவதுபோலப் பெருஞ்செலவிற் பெற்ற நீரை வெங்காயப் பாத்திக்கு விட முடியுமா? தோட்டத்துக்கு நமது கிணற்றை விட்டால் வேறு கதியில்லை.

ஆகவே நாம் செய்யக்கூடியது யாது? பெரிய திட்டங்களை அரசாங்கத்திடம் கேட்போம். கேட்பது நமது உரிமை. ஆனால் ஊரவர் தாமே செய்யக்கூடியவை பல இருக்கின்றன.

ஒன்று: மழையை வளவுக்குள் மறித்தல். ஒரு பரப்பு நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 1,400 கலன் தண்ணீர் விழுகிறது. ஆண்டுக்கு 50 அங்குலமென்றால் 70,000 கலன். நான்கு பரப்பு வளவுள்ள ஒரு வீட்டில் ஆண்டுதோறும் 2,80,000 கலன் விழுகிறது. இதனை வெள்ளவாய்க்கால் வழியே தெருவுக்குத் தள்ளாமல், கூரைநீரைத் தொட்டியிற் பிடித்தும், முற்றத்து நீரைக் குழியில் இறக்கியும் நிலத்துக்குக் கொடுப்போம். சீமெந்து வேண்டிய இடத்துக்கு மட்டும் போதும்.

இரண்டு: இறைப்பிற் கட்டுப்பாடு. உச்சி வெயிலில் இறையாமல் காலையிலும் மாலையிலும் இறைப்போம். வாய்க்காலால் வெள்ளமாய் விடுவதற்குப் பதிலாகத் தூவல் முறையையும் சொட்டு நீர் முறையையும் இயன்றவரையிற் கைக்கொள்வோம். ஒரு கிணற்றிலிருந்து ஒரே மூச்சில் இறைப்பதைக் காட்டிலும், இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக இறைப்பது கிணற்றுக்கு நல்லது. கடலேரிக்குக் கிட்ட உள்ளவர்கள் கிணற்றை ஆழமாக்குவதை அறவே விடவேண்டும்.

மூன்று: பசளையை அளந்து போடுதல். மண்ணைப் பரிசோதித்து, வேண்டிய அளவை வேண்டிய காலத்திற் போட்டு, முன்போல் குழையும் எருவும் தாழ்ப்போம். பயிருக்கு மிஞ்சினது கிணற்றுக்கு என்பதை மறவாதிருப்போம்.

நான்கு: கணக்கு வைத்தல். சங்கத்து இளைஞர்கள் மாதம் ஒருமுறை ஊர்க் கிணறுகள் சிலவற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, உப்பின் அளவையும் பார்த்து ஒரு கொப்பியிற் குறித்து வரலாம். பெருஞ்செலவில்லை. பத்தாண்டு கழிந்தால் அந்தக் கொப்பி ஊருக்கு ஒரு சொத்தாகும்.

ஐந்தாவதாகச் சொல்லவிருப்பதைத் தயக்கத்தோடுதான் சொல்லுகிறோம். சபையிலுள்ள பெரியோர்கள் பிள்ளைகளின் சொல்லென்று பொறுத்துக் கேட்க வேண்டும். வெளிநாட்டிலே வாழும் நமது ஊரன்பர் ஒருவர், ஆலய நந்தவனத்துக்கென்று ஆழமான குழாய்க்கிணறும் பெரிய மோட்டாரும் அமைத்துத் தர மனமுவந்து முன்வந்திருக்கிறார். அவருடைய பக்தியை நாம் வணங்குகிறோம். ஆனால் எங்கள் குறிச்சியிலே இன்னும் நல்ல தண்ணீருள்ள கிணறுகளில் ஆலயக் கிணறு முதன்மையானது. கிணறு உவர்த்துப்போன வீட்டார் குடம் கொண்டு வருவதும் அதனிடந்தான். அதன் அருகிலேயே ஆழத்துளைத்து இறைத்தால், பெரியப்பாவின் கிணற்றுக்கு வந்தது ஆலயக் கிணற்றுக்கும் வரலாம். நந்தவனம் பூக்கும், அபிஷேகத்துக்கு எடுக்கும் குடத்திலே உப்புக் கரிக்கும்.

ஆலயத்துக்குக் கிழக்கே ஒரு குளம் இருக்கிறது. தூர்ந்து, பற்றை மூடி, குப்பை கொட்டும் இடமாய்க் கிடக்கிறது. நம்மிற் பலருக்கு அது குளம் என்பதே தெரியாது. அந்த அன்பர் தரும் பணத்தைக் கொண்டு அந்தக் குளத்தைத் தூர்வாரி, வரத்து வாய்க்காலைத் திறந்து, அணை கட்டுவோமானால், ஒவ்வொரு மாரியும் அது நிறைந்து ஆலயக் கிணற்றுக்கும் சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகளுக்கும் நீரூட்டும். நந்தவனத்துக்கு வேண்டிய நீரையும் மாரி கழிந்து சில மாதங்களுக்கு அதிலிருந்தே எடுக்கலாம். குழாய்க்கிணறு நிலத்திடமிருந்து வாங்குவது. குளம் நிலத்துக்குக் கொடுப்பது. தீர்த்தத் திருப்பணி என்ற பெயருக்கு உரியது எது என்பதைப் பெரியோர்களே தீர்மானிக்க வேண்டும். வேலைக்கு ஆள் இல்லையென்ற குறை வேண்டாம். விடுமுறை நாட்களில் மண்வெட்டியும் கடகமும் கொண்டு வர நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம். அன்பருக்கு இதனை விளக்கிக் கடிதம் எழுதுவதற்கும் சபை அனுமதி தந்தால் இளைஞர் பகுதி பொறுப்பேற்கும்.

இறுதியாக ஒன்று. சென்ற மாதம் ஒருநாள் மாலை பெரியப்பாவின் தோட்டத்துக்குப் போயிருந்தோம். மோட்டார் ஓடவில்லை. அவர் கிணற்றுக் கட்டிலே இருந்து, கயிற்றிற் கல்லைக் கட்டி உள்ளே இறக்கி, நனைந்த இடத்தை முழத்தால் அளந்துகொண்டிருந்தார். எம்மைக் கண்டதும் சற்று வெட்கத்தோடு, "அந்தப் போத்தல் மருந்து இன்னும் கிடக்கோ, தம்பி?" என்று கேட்டார். கிடக்கிறதென்றோம். "ஆடியிலை ஒருக்காக் கொண்டுவந்து பார்" என்றார். இந்த ஆண்டு அவர் அரைவாசித் தோட்டத்துக்குத்தான் வெங்காயம் நடுவதாக எண்ணியிருக்கிறார். மற்ற அரைவாசியில் நீர் குறைந்த பயிர் வைக்கப் போகிறாராம். அந்தக் கிணறு மீளுமா, மீள எத்தனை மாரி வேண்டும் என்று நம்மாற் சொல்ல முடியாது. ஆனால் அறுபது வயது கடந்த ஒரு கமக்காரர் தம் வாழ்நாட் பழக்கத்தை மாற்ற முன்வந்துவிட்டார். இருபது வயதுடைய நமக்கு என்ன தடை?

பாட்டன் வெட்டிய கிணற்றிலே நாம் குடித்தோம். நமது பேரப்பிள்ளைகள் அதே கிணற்றிலே நல்ல தண்ணீர் குடிக்க வேண்டும். குளத்தைப்பற்றிய எமது வேண்டுகோளைச் சபையின் முன் பணிவோடு வைத்து அமைகிறோம். மாதம் மும்மாரி பெய்க. பெய்த மாரி நம் மண்ணிலே தங்குக.